"மலடி" யார்?

நம் நாட்டில் ஒரு பெண்ணை அடிக்காமலே கொல்லுவதற்கென்று ஏற்பட்ட வார்த்தைகள் பல உண்டு. அவைகளில் மிகவும் கொடுமையானது "மலடி" என்பதாகும். கல்யாணமாகி இரண்டு ஆடி, மூன்று தை கடந்துவிட்டால் போதும். அந்த வார்த்தை முதலில் அடுப்பங்கரையில் முணுமுணுக்கப்பட்டு, பிறகு திண்ணைக்கு வந்து, கடைசியில் தெருவுக்கே வந்துவிடுகிறது. வளைகாப்பு வீட்டில் அவள் முன்னே நிற்கக்கூடாது. பச்சைப் பிள்ளையை அவள் தூக்கக்கூடாது. புருஷன் இன்னொருத்தியைத் தேடுவதாகச் சொன்னால் அவள் வாய் திறக்கக்கூடாது. "மலடன்" என்று ஒரு வார்த்தை அகராதியில் இருக்கிறதே தவிர, எந்த மாமியாராவது தன் மகனைப் பார்த்து அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை.

இதைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் என்னவென்றால், இப்படிப் பட்டம் கட்டப்படுகிற பெண்களில் அநேகர் ஒரு வியாதிக்கு ஆளாகி, மாதந்தோறும் வயிற்று வலியால் துடித்தும், அந்த வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைக்கூட அறியாதவர்களாய் இருந்து வருவதேயாகும். அந்த வியாதியை டாக்டர்கள் எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் புத்தியில் நுழையக்கூடியதுதான்.

வியாதி என்ன?

கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிட்டால் இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுதான் மாதவிடாய். இதே போன்ற படலம் கர்ப்பப்பைக்கு வெளியிலும், அதாவது சினைப்பை, கருக்குழாய், வயிற்றறையின் உட்சவ்வு, குடல், மூத்திரப்பை ஆகிய இடங்களிலும் முளைத்து வளர்ந்துவிடுவதே இவ்வியாதி. அங்கேயும் மாதந்தோறும் இரத்தம் கசிகிறது. ஆனால் அதற்கு வெளியேற வழி கிடையாது. ஆகவே அந்த இடம் வீங்குகிறது, புண்ணாகிறது, தழும்பாகிறது, பக்கத்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால், அதன் நிறத்தை வைத்து "சாக்லேட் கட்டி" என்கிறார்கள்.

இது எதனால் வருகிறது? மாதவிடாய் இரத்தம் கொஞ்சம் பின்புறமாகக் கருக்குழாய் வழியே வயிற்றுக்குள் போய்விடுவதால் என்று அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்ஸன் என்பவர் 1920களில் காரணம் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. வியாதியோ சிலருக்கே வருகிறது. எனவே பரம்பரை, உடலின் காப்புச் சக்தி முதலியவைகளும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். விஞ்ஞானம் தனக்குத் தெரிந்தவரை சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று நிறுத்திக்கொள்ளுகிறது. பூர்வ ஜன்மத்தில் நாகத்தை அடித்த பாவம் என்று சொல்லுகிற ஜோசியருக்குத்தான் தெரியாதது என்று ஒன்றுமே கிடையாது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 100க்கு 10 பேருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இவ்வியாதி இருக்கிறது. வலி தொடங்கியதிலிருந்து வியாதி இன்னதென்று கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 4 முதல் 12 வருஷம் வரை ஆகிவிடுகிறது என்றும் அது சொல்லுகிறது. ஒரு பெண் 15 வயதில் துடிக்கத் தொடங்கினால், பெயர் தெரிவதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, "மலடி" பட்டமும் கிடைத்துவிடும் என்பதுதான் இதன் அர்த்தம்.

வலியை நம்பாதவர்கள்

இவ்வளவு தாமதம் ஏன்? வலியைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது முதல் காரணம். "எங்களுக்கெல்லாம் வராத வலியா உனக்கு வந்துவிட்டது?" என்று தாயே கேட்கிறாள். இரண்டாவது காரணம், மாதவிடாய் என்பதே வாயால் சொல்லத்தகாத "தீட்டு" ஆக்கப்பட்டிருப்பது. மூன்று நாள் ஒதுக்குப்புறத்தில் உட்கார்த்தி, தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து, தொடாதே, பேசாதே என்று வைத்த வீட்டில், அந்தப் பெண் தன் தகப்பனிடத்திலோ அண்ணனிடத்திலோ "எனக்கு இந்த இடத்தில் வலிக்கிறது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ" என்று எப்படிச் சொல்லுவாள்? அசுத்தம் என்று சொல்லி மூடி வைத்ததன் பலன், வியாதி உள்ளேயே வளர்ந்ததுதான்.

பள்ளிக்கூடம் போக முடியாமல், வேலைக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கச் செய்கிற வலி சகஜமான வலியல்ல. மலம் கழிக்கும்போதும், புருஷனோடு சேரும்போதும் வலி இருக்குமானால் அதுவும் சகஜமல்ல. இதைப் பெற்றோர் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரியாகும்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும்விட மோசமான ஒரு "வைத்தியம்" நம்மிடத்தில் உண்டு. "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாய்ப் போய்விடும்; ஒரு பிள்ளை பெற்றால் வலி ஓடிவிடும்" என்பதுதான் அது. கிழவிகள் மாத்திரமல்ல, படித்த டாக்டர்களும் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கருவியல் சங்கத்தார் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், இவ்வியாதியைப் போக்குவதற்காக மாத்திரம் கர்ப்பமாகும்படி எந்தப் பெண்ணுக்கும் யோசனை சொல்லக்கூடாது என்றும், கர்ப்பத்தினால் வியாதி தேய்வதோ வலி தீருவதோ நிச்சயமில்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தலைவலிக்கு மருந்தாக ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னால் சிரிப்போமல்லவா? வயிற்று வலிக்கு மட்டும் புருஷன் எப்படி மருந்தாவான்? வியாதியோடு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, அந்த வியாதியினாலேயே கரு தங்காதபோது "மலடி" என்று திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்!

முதலில் யாரைச் சோதிப்பது?

பிள்ளை இல்லை என்றதும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம் பெண்ணின் ஜாதகத்தை எடுப்பது. பிறகு நாகப் பிரதிஷ்டை, சஷ்டி விரதம், அரசமரம் சுற்றுதல். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழியே பரிகாசம் செய்கிறது. ஆனாலும் சுற்றுகிறவர்கள் குறையவில்லை. சுற்றுவது யார் என்று பாருங்கள்: பெண்தான் சுற்றுகிறாள். புருஷன் சுற்றினதாக எந்த ஊரிலும் கேள்வி இல்லை.

தசரதனுக்குப் பட்டத்து மனைவிமார் மூன்று பேர். மூவருக்கும் பிள்ளை இல்லை. மூன்று பெண்களுக்கும் பொதுவாக இருந்தவன் ஒருவன்தானே? அப்படியிருக்க, யாகத்தில் வந்த பாயசத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? மூன்று பெண்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்! ராஜாவுக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் போகவில்லை. பாரதத்தில் பாண்டுவுக்குப் பிள்ளை பெறச் செய்ய முடியவில்லை என்பதை அந்தப் புராணமே ஒப்புக்கொண்டிருந்தும், அதைப் படித்து அழுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பாண்டுவைச் சோதித்துப் பார்க்கச் சம்மதிப்பதில்லை.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறை தனியாகவோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. ஆணுக்குச் செய்யும் சோதனையோ மிகவும் சுலபம். கத்தியில்லை, ஊசியில்லை, மயக்க மருந்தில்லை. 2 முதல் 7 நாள் வரை சேர்க்கை இல்லாமலிருந்து, ஒரு புட்டியில் விந்தைக் கொடுத்தால் போதும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் வருஷப் புத்தகப்படி ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் இன்னொரு முறை சோதிக்க வேண்டும். செலவும் சொற்பம். இதைச் செய்யாமல் பெண்ணின் வயிற்றில் துளை போடச் சொல்லுகிறவர் யாராயிருந்தாலும், அவரை "ஐயா, இவருடைய சோதனை எங்கே?" என்று கேட்க நம் பெண்களுக்குத் துணிவு வரவேண்டும். மனைவிக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரிந்த பிறகும் இந்தச் சோதனை அவசியமே. ஏனெனில் ஒருவரிடம் குறை இருப்பதால் இன்னொருவர் குறையற்றவராகிவிட மாட்டார்.

பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள்

ஒரு வருஷம் தடையில்லாமல் சேர்ந்திருந்தும் கர்ப்பமில்லையானால் சோதிக்க வேண்டும் என்பது பொது விதி. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதம் போதும். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரிந்தாலோ, பலமான சந்தேகம் இருந்தாலோ, அந்தக் கெடுவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது, பெண் சொல்லுகிற வரலாற்றைக் காது கொடுத்துக் கேட்பது. இரண்டாவது, ஸ்கேன். முன்காலத்தில் வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியை விட்டுப் பார்க்கும் லேபராஸ்கோப்பிதான் இவ்வியாதிக்கு முடிவான சோதனை என்றிருந்தது. இப்பொழுது சாக்லேட் கட்டியையும், ஆழமாகப் பதிந்த வியாதியையும் பெண்ணுறுப்பு வழி ஸ்கேனிலும், எம்.ஆர்.ஐ.யிலும் பழகின டாக்டர்கள் கண்டுகொள்ளுகிறார்கள். 2022ஆம் வருஷ வழிகாட்டியும், சோதனைக்காக மாத்திரம் எல்லோரையும் அறுக்க வேண்டியதில்லை என்றே சொல்லுகிறது. ஆனால் ஸ்கேன் சுத்தமாயிருந்தால் வியாதியே இல்லை என்று அர்த்தமாகாது. மேற்பரப்பில் சிறு புள்ளிகளாக இருப்பது ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை, உனக்கு மனப்பிரமை" என்பது வைத்தியமாகாது. சி.ஏ.125 என்ற இரத்த சோதனையைக் காட்டி முடிவு சொல்லுவதும் சரியல்ல. இவ்வியாதியைக் கண்டுபிடிக்க அதை நம்பக்கூடாது என்றே வழிகாட்டி கூறுகிறது.

மூன்றாவது, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சாயம் செலுத்திப் பார்ப்பது. நான்காவது, ஏ.எம்.எச். என்ற இரத்த சோதனை. இது சினைப்பையில் மீதியிருக்கும் முட்டைகளின் அளவை ஒருவாறு காட்டும். பெண் பிறக்கும்போதே அவளிடம் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன, ருதுவாகும்போது 3, 4 லட்சம்தான் மீதி, பிறகு குறைந்துகொண்டே போகிறது, புதிதாய் உண்டாவதில்லை. ஆனால் ஏ.எம்.எச். குறைந்திருப்பதால் மாத்திரம் கர்ப்பமே ஆகாது என்று எண்ணுவது தப்பு. அது கையிருப்பைச் சொல்லுமே ஒழிய, முட்டையின் தரத்தைச் சொல்லாது.

சிகிச்சை எதுவரை?

வியாதி இருப்பதால் பிள்ளையே பிறக்காது என்று யாரும் இடிந்துபோக வேண்டியதில்லை. குறையற்ற தம்பதிகளுக்கு ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு 100க்கு 15 முதல் 20 என்றால், சிகிச்சையில்லாத இவ்வியாதிக்காரருக்கு அது 2 முதல் 10 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குறைவுதான், ஆனால் பூஜ்யமல்ல. தாமாகவே கருத்தரித்துப் பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வலியைக் குறைக்க ஹார்மோன் மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. அவை வலிக்கு நல்லவை. ஆனால் அவை முட்டை வெளிவருவதையே தடுப்பவை. ஆகையால் பிள்ளை வேண்டும் என்று வருகிறவளுக்குக் கர்ப்பம் உண்டாக்கும் மருந்தாக அவைகளைக் கொடுத்துக் காலத்தைக் கடத்துவது தவறு. வயது போகிற ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம்.

வியாதி இலேசானதாயிருந்தால் லேபராஸ்கோப்பி மூலம் அதை நீக்குவது கர்ப்பத்துக்கு ஓரளவு உதவுகிறது. முட்டையைத் தூண்டி, விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் முறையும் சிலருக்குப் பயன்படுகிறது. சாக்லேட் கட்டியை அறுப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கட்டியோடு நல்ல முட்டைகளும் போய்விடலாம். ஆகவே இரண்டு பக்கமும் கட்டி உள்ளவர்களும், ஒரு முறை அறுத்தவர்களும் மறுபடி கத்திக்கு இசைவதற்கு முன், கையிருப்பு எவ்வளவு, அறுத்தால் மிஞ்சுவது எவ்வளவு, முட்டையை எடுத்துக் குளிரில் பாதுகாக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வியாதி இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியில்!

குழாய் கெட்டிருந்தாலும், வயது ஏறியிருந்தாலும், மற்றவை பலிக்காவிட்டாலும், ஐ.வி.எஃப். என்னும் சோதனைக்குழாய் முறை உண்டு. சுமார் 10, 12 நாள் ஊசி போட்டு, பல முட்டைகளை முதிரச் செய்து, வெளியே எடுத்து, விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, சில நாள் கழித்துக் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபர் 3இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி தம் முயற்சியால் ஒரு குழந்தை பிறக்கச் செய்தார். சர்க்கார் நியமித்த கமிட்டியோ அதை நம்ப மறுத்து அவரை அவமானப்படுத்தியது. 1981இல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மை என்ற அங்கீகாரம் அவர் போய்ப் பல வருஷம் கழித்தே வந்தது. யாகத்துப் பாயசத்தில் பிள்ளை பிறந்ததைக் கேள்வியில்லாமல் நம்புகிற நாடு, கண்ணெதிரே ஒரு விஞ்ஞானி செய்ததை நம்பவில்லை!

புதுப் புரோகிதர்கள்

நிற்க, கோயிலை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாலேயே ஒருவன் பகுத்தறிவுக்காரனாகிவிட மாட்டான். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டால் அதுவும் மூடநம்பிக்கைதான். இன்று பஸ் நிலையச் சுவர்களிலெல்லாம் சிரிக்கிற குழந்தைப் படத்தைப் போட்டு, "100க்கு இவ்வளவு வெற்றி" என்று விளம்பரம் செய்கிறார்கள். வெற்றி என்றால் எது? இரத்த சோதனையில் கர்ப்பம் தெரிந்ததா, குழந்தை உயிரோடு பிறந்ததா? 28 வயதுக்காரிகளின் கணக்கா, 40 வயதுக்காரிகளின் கணக்கா? முட்டையை எடுத்தவர்கள் எல்லோரிலும் இவ்வளவா, கரு வைத்தவர்களில் மாத்திரமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாத விளம்பரத்துக்கும் தாயத்து விளம்பரத்துக்கும் வித்தியாசம் என்ன? நகையை விற்று, நிலத்தை ஈடு வைத்துப் பணம் கட்டுகிறவன் ஏழையல்லவா?

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25இல் அமுலுக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் இச்சிகிச்சை செய்யக்கூடாது. பலிக்கும் வாய்ப்பு, நன்மை தீமை, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிகளுக்கு முன்கூட்டி விளக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது எல்லையும் உண்டு. சட்டத்தைப் படித்தவர்கள் கிராமத்தில் நான்கு பேருக்குச் சொன்னால்தான் அது காகிதத்தை விட்டு வெளியே வரும்.

அன்றியும், இச்சிகிச்சை பணக்காரருக்கு மாத்திரம் என்றிருப்பது நியாயமாகாது. தாலுக்கா ஆஸ்பத்திரியில் விந்துச் சோதனையும், பழகினவர் பார்க்கும் ஸ்கேனும், பெண்ணின் வலியை ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கும் ஒரு டாக்டரும் இருந்தாலே எத்தனையோ பெண்களின் பத்து வருஷம் மிச்சப்படும். பொது ஜனங்கள் சர்க்காரைக் கேட்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை எல்லோருக்கும் பலித்துவிடாது. பலிக்காதபோது அந்தப் பெண் என்ன ஆவது? "புத்" என்கிற நரகத்திலிருந்து தகப்பனைக் காப்பாற்றுகிறவனே புத்திரன் என்று மனுதர்மம் சொல்லுகிறது. யாரும் பார்த்திராத அந்த நரகத்துக்குப் பயந்து, கண்ணால் பார்க்கிற வீட்டையே ஒரு பெண்ணுக்கு நரகமாக்குவதா? பிள்ளை வேண்டும் என்று விரும்புகிறவளுக்கு விஞ்ஞானத்தின் உதவி அத்தனையும் கிடைக்க வேண்டும். போதும் என்று அவள் நிறுத்தினால், நிறுத்த அவளுக்கு உரிமை வேண்டும். வேண்டவே வேண்டாம் என்று சொன்னாலும் அது அவள் இஷ்டமே. அவள் வயிறு அவளுடையதே ஒழிய, குலத்தின் சொத்தல்ல.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் வலிக்கிறது என்றால் நம்புங்கள். அவளைத் தீட்டு என்று ஒதுக்காமல் டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். வலிக்கு மருந்தாகக் கல்யாணத்தைக் கொடுக்காதீர்கள். பிள்ளையில்லை என்றால் முதலில் ஆண்கள் புட்டியைக் கையில் வாங்குங்கள். "மலடி" என்கிற வார்த்தையை உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், சொன்ன இடத்திலேயே எதிர்த்துக் கேளுங்கள். இவற்றைச் செய்யக் காசு வேண்டியதில்லை. கொஞ்சம் மானமும் அறிவும் இருந்தால் போதும்.